எமது குளங்களில் அந்நிய நீர்க்களைகள்: பிடுங்குவதற்கு முன் அறியவேண்டியவை

வரண்ட வலயத்தில் வாழும் எமக்குக் குளமே வாழ்வின் ஆதாரம். வயலுக்கு நீர் பாய்வதும், கிணற்றில் ஊற்று வற்றாதிருப்பதும், மாடுகள் தாகம் தீர்ப்பதும், அந்திக் கறிக்கு மீன் கிடைப்பதும் குளத்தாலேயே. அத்தகைய குளத்தின் மேற்பரப்பு பாய் விரித்தாற்போல் பச்சைக் களையால் மூடப்படும்போது, அது கமக்காரருக்கு மட்டுமன்றி முழுக் கிராமத்துக்கும் நேர்ந்த துன்பமாகிறது.

இத்துன்பத்தை நீக்க எமது மக்கள் சும்மா இருக்கவில்லை. கமக்கார அமைப்புகளும், மாதர் சங்கங்களும், இளைஞர் கழகங்களும் ஒன்றுகூடிச் சிரமதானம் செய்கின்றன. ஒரு நாள் முழுவதும் இடுப்பளவு தண்ணீரில் நின்று களையை இழுத்துக் கரை சேர்க்கின்றனர். மாலையில் குளம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் இரண்டு மூன்று மாதங்களில் பழைய நிலை திரும்பிவிடுகிறது. அடுத்த முறை அழைத்தால் பாதிப் பேரே வருகின்றனர். "எவ்வளவு செய்தும் என்ன பயன்?" என்ற சோர்வு கிராமத்தைப் பற்றிக்கொள்கிறது.

எமது உழைப்பு வீணாவதற்குக் காரணம் என்ன? களை எவ்வாறு பெருகுகின்றது, எங்கிருந்து திரும்பி வருகின்றது என்பதை அறியாமல் வேலை தொடங்குவதே முக்கிய காரணம். இவ்விதழின் பாடத்தில் இதனை ஒழுங்காக ஆராய்வோம். வாசிப்பு வட்டங்களிலும் சங்கக் கூட்டங்களிலும் பகுதி பகுதியாக வாசித்துக் கலந்துரையாடுவதற்கு ஏற்றவாறு இது அமைக்கப்பட்டுள்ளது.

1. அந்நியமானவை எல்லாம் கேடு செய்வனவா?

வேறொரு நாட்டிலிருந்து வந்த தாவரத்தை அல்லது விலங்கினை அந்நிய இனம் என்கிறோம். எமது தோட்டத்து மரவள்ளியும், மிளகாயும், பப்பாசியும் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா ஆகிய இடங்களிலிருந்து வந்தவையே. அவை எம்மோடு ஒன்றிவிட்டன. நாம் நட்ட இடத்தில் நிற்கின்றன, எமக்கு உணவளிக்கின்றன.

சில அந்நிய இனங்களோ மனிதர் விட்ட இடத்தில் நிற்பதில்லை. தாமாகவே பெருகிப் பரவி, அங்கிருந்த உயிர்களின் இடத்தையும் ஒளியையும் உணவையும் பறித்துக்கொள்கின்றன. இவற்றையே ஆக்கிரமிப்பு அந்நிய இனங்கள் என்கிறோம். தாய்நாட்டில் இவற்றைத் தின்னும் பூச்சிகளும், நோய்களும், போட்டியிடும் வேறு இனங்களும் உண்டு. எனவே அங்கே அவை அளவோடு இருக்கின்றன. புதிய நாட்டுக்கு வரும்போது அந்த எதிரிகள் கூட வருவதில்லை. கட்டுப்படுத்துவார் இன்றிப் பெருகுவதற்கு இதுவே காரணம்.

மீன்களிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். ஆபிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று எமது குளங்களில் பிடிபடும் மீனில் பெரும்பகுதி அதுவே. பல ஏழைக் குடும்பங்கள் அதனால் வாழ்கின்றன. மறுபுறம், கண்ணாடித் தொட்டிகளில் படியும் பாசியைத் தின்பதற்காக "டாங்க் கிளீனர்" என்ற பெயரில் விற்கப்படும் தென் அமெரிக்க மீன், தொட்டியில் வளர்த்தவர்களால் நீர்நிலைகளில் விடப்பட்டுப் பெருகிவிட்டது. அதன் உடல் எலும்புத் தகடுகளால் மூடப்பட்டது; செட்டையில் உறுதியான முள் உண்டு. வலையில் சிக்கினால் வலையைக் கிழிக்கும். கரையில் பொந்து தோண்டி முட்டையிடும். சந்தையில் அதற்கு விலையில்லை. 2025ஆம் ஆண்டில் குருநாகல் மாவட்டத்தின் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இராட்சத விரால் பெருகியிருப்பது தெரியவந்தது. அது மற்ற மீன்களை இரையாக்கும் பெரிய மீன். நன்னீர் மீனவருக்கு இது புதிய கவலையாயிற்று.

ஆகவே "வெளிநாட்டிலிருந்து வந்ததா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "விட்ட இடத்தில் நிற்கின்றதா, மற்றவற்றை அழித்துப் பரவுகின்றதா?" என்றும் கேட்கவேண்டும்.

2. இரண்டு களைகள், இரண்டு இயல்புகள்

எமது குளங்களை மூடும் மிதக்கும் களைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று ஆற்றுவாழை. இதனைச் சிலர் ஆகாயத் தாமரை என்பர். சிங்களத்தில் "ஜப்பான் ஜபர" என்பர். மற்றது சல்வீனியா, பேச்சில் சல்பீனியா. சில கிராமங்களில் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கின்றனர். இது பின்னர் தவறான வேலைக்கு இட்டுச் செல்லும். எனவே முதலில் இரண்டையும் பிரித்தறிவோம்.

ஆற்றுவாழைக்கு வட்டமான, மினுமினுப்பான இலை உண்டு. இலைக்காம்பு காற்று நிறைந்த பை போல் உப்பியிருக்கும். ஊதா நிறத்தில் அழகிய பூங்கொத்து வரும். நீருக்கடியில் கறுத்த சடை போன்ற வேர் தொங்கும். இதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசன் ஆற்றுப்படுகை. பூவின் அழகுக்காக உலகெங்கும் கொண்டுசெல்லப்பட்டது. யுத்த காலத்தில் ஜப்பானிய விமானிகளை ஏமாற்றுவதற்காக வெள்ளையர் இதனைக் கொண்டுவந்தனர் என்று ஒரு கதை வழங்குகின்றது. ஆனால் இதனை ஒழிப்பதற்கென 1909ஆம் ஆண்டிலேயே இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு 30 வருடங்களுக்கு முன்னரே இது எமது நாட்டில் தொல்லையாகிவிட்டது என்பது இதனால் விளங்கும்.

சல்வீனியா பூக்காத தாவரம், பன்னத்தின் இனம். விரல் நகமளவு தொடங்கி இரண்டு மூன்று விரல் அகலம் வரையான இலைகள் சோடி சோடியாக மிதக்கும். இலையின் மேல் நுண்ணிய மயிர்கள் நிறைந்திருப்பதால் தண்ணீர் ஒட்டாது உருண்டோடும். வேர் போலத் தொங்குவது உண்மையில் வேரன்று, உருமாறிய இலையாகும். இதன் தாயகம் பிரேசிலின் தென்கிழக்குப் பகுதி. இலங்கைக்கு 1939ஆம் ஆண்டில் கொழும்பில் தாவரவியல் கல்வித் தேவைக்காகக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து வெளியேறி, 1950களின் நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய 22,000 ஏக்கர் வயலிலும் 2,000 ஏக்கர் நீர்நிலைகளிலும் பரவிவிட்டது.

இனி மிக முக்கியமான வேறுபாட்டைப் பார்ப்போம்.

சல்வீனியா விதை தருவதில்லை. அதன் வித்திகளும் மலடானவை. உடைந்த துண்டிலிருந்து மட்டுமே அது பெருகும். ஒரு சிறு துண்டில் ஒரு மொட்டு இருந்தால் போதும். வெப்பமும் ஊட்டமும் சாதகமாக அமைந்தால் மூன்று நாட்களுக்குள்ளேயே இரட்டிப்பாகக்கூடியது.

ஆற்றுவாழை இரு வழிகளில் பெருகுகின்றது. தாய்ச்செடி பக்கவாட்டில் ஓடும் தண்டை நீட்டி அதன் நுனியில் குட்டிச்செடி வைக்கும். இவ்வாறு ஒன்று முதல் இரண்டு கிழமைகளுக்குள் இரட்டிப்பாகும். அதோடு பூத்து விதையும் தரும். விதை சேற்றில் அமிழ்ந்து ஏறக்குறைய 20 வருடங்கள் வரை உயிரோடு கிடக்கக்கூடியது. கோடையில் நீர் வற்றிச் சேறு வெளிப்பட்டு வெளிச்சம் படும்போது முளைக்கும்.

எனவே, சல்வீனியாவின் கடைசித் துண்டை அகற்றிவிட்டால் அந்தக் குளத்தில் அது முடிந்தது. வெளியிலிருந்து வந்தாலன்றித் திரும்பாது. ஆற்றுவாழையின் கடைசிச் செடியை அகற்றினாலும் சேற்றில் விதை இருக்கின்றது. முதலாவதுக்குத் துண்டு தப்பாமல் எடுக்கும் கவனம் வேண்டும். இரண்டாவதுக்கு வருடந்தோறும் தொடரும் காவல் வேண்டும்.

3. குளம் மூடப்படும்போது நடப்பவை

ஒளி தடைப்படுகின்றது. நீருக்குள் வளரும் தாவரங்களும் நுண்பாசிகளும் ஒளியின்றி மடிகின்றன. பகலில் நீருக்கு ஒட்சிசன் வழங்கியவை அவையே. மடிந்த களை அடியில் சேர்ந்து அழுகும்போது எஞ்சிய ஒட்சிசனும் குறைகின்றது. நீர் கறுத்து நாற்றமெடுக்கும். விரால், சுங்கான் போன்றவை மேலே வந்து காற்றைக் குடித்து வாழக்கூடியவை. களை தடிப்பாக மூடினால் அவற்றுக்கும் மேற்பரப்புக் கிடைப்பது அரிதாகிறது.

மீனவர் வலை போடமுடியாது, தோணி நகராது. துருசு வாயிலிலும் வாய்க்காலிலும் களை அடைத்து, கடைசி வயலுக்கு நீர் சென்றடையாது. மாரியில் வான் பாயும் இடத்தில் களை தேங்கினால் வெள்ளம் கட்டை மேவும் அபாயமும் உண்டு. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மாரி வெள்ளத்தோடு ஆற்றுவாழை பெருந்திரளாக வந்து பாலங்களிலும் தாம்போதிகளிலும் அடைபடுவதை மக்கள் நன்கு அறிவர். கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையிலுள்ள கிட்டங்கித் தாம்போதி இதற்கு ஓர் உதாரணம்.

சுகாதாரத்தையும் மறந்துவிடலாகாது. மன்சோனியா என்ற நுளம்பின் குடம்பிகள் மற்ற நுளம்புகளைப்போல் மூச்செடுக்க மேற்பரப்புக்கு வருவதில்லை. மிதக்கும் நீர்த்தாவரங்களின் வேரைக் குத்தி அங்கிருந்தே காற்றைப் பெறுகின்றன. நீரில் எண்ணெய் விட்டாலும் இவை சாவதில்லை. ஒருவகை யானைக்கால் நோயைப் பரப்புவது இந்த நுளம்பே. இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆயினும் மன்சோனியா பரப்பும் வகை, 1960களின் பிற்பகுதியில் மறைந்ததாகக் கருதப்பட்டபின், 2006ஆம் ஆண்டு முதல் ஆங்காங்கே மீண்டும் கண்டறியப்பட்டது. களை நிறைந்த குளத்தருகே வாழ்வோர் இதனைக் கவனத்திற் கொள்ளவேண்டும்.

4. ஒருநாள் சிரமதானம் ஏன் போதாது? ஒரு கணக்கு

கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டக்கூடிய ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம்.

குளம் முழுவதும் மூடிய களையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். கிராமமே திரண்டு வந்து 90 பங்கை அகற்றிவிடுகின்றது. பெரிய சாதனைதான். மிஞ்சியது 10 பங்கு. அது 10 நாட்களில் இரட்டிப்பாகின்றது என்று கொள்வோம்.

10ஆம் நாள் 20 பங்கு.
20ஆம் நாள் 40 பங்கு.
30ஆம் நாள் 80 பங்கு.

ஒரு மாதத்தில் நாம் எடுத்ததில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. இனி அதே கிராமம் 10ஆம் நாள் மீண்டும் வந்தால் என்னவாகும்? 20 பங்கில் பத்தில் ஒன்பதை அகற்றினால் மிஞ்சுவது 2 பங்கு. அது 20ஆம் நாள் 4 பங்காகும். அப்போது மீண்டும் பத்தில் ஒன்பதை அகற்றினால் அரைப் பங்குகூட மிஞ்சாது.

முதல் நாளுக்கு 100 பேர் தேவைப்பட்டால் இரண்டாம் முறைக்கு 20 பேர் போதும். மூன்றாம் முறைக்கு நாலைந்து பேர் போதும். அப்படியிருக்க, பெரும்பாலான இடங்களில் முதல் நாளோடு வேலை முடிகின்றது. புகைப்படம் எடுக்கப்படுகின்றது, சாப்பாடு பரிமாறப்படுகின்றது, எல்லோரும் கலைந்துவிடுகின்றனர். பலன் தரவேண்டிய இரண்டாம், மூன்றாம் நாட்கள் நடைபெறுவதேயில்லை. சிரமதானத்துக்குத் திகதி குறிக்கும்போதே மூன்று திகதிகளைக் குறித்துக்கொள்வது இதற்கு எளிய பரிகாரமாகும்.

5. கூன்வண்டு தந்த பாடம்

சல்வீனியாவுக்கு அதன் தாயகத்தில் எதிரி உண்டு என்று மேலே கூறினோம். அந்த எதிரியைத் தேடிச் சென்ற விஞ்ஞானிகள் முதலில் ஏமாந்தனர். இந்தக் களையை நீண்டகாலம் வேறொரு சல்வீனியா என்றே எண்ணியிருந்தனர். அந்த வேறு இனத்தில் வாழும் பூச்சிகளைக் கொண்டுவந்து ஆபிரிக்காவில் விட்டனர். அவை களையை அடக்கவில்லை. 1972ஆம் ஆண்டிலேயே இது தனி இனம் என்று பெயரிடப்பட்டது. 1970களின் இறுதியில் அதன் உண்மையான தாயகம் தென்கிழக்குப் பிரேசில் என்று அவுஸ்திரேலிய ஆய்வாளர் கண்டுபிடித்தனர். அங்கே, ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் நீளமுள்ள கறுப்புக் கூன்வண்டு ஒன்று இதனைத் தின்று வாழ்ந்தது. வண்டு மொட்டுகளைத் தின்கின்றது; அதன் புழு தண்டைத் துளைக்கின்றது. சல்வீனியாவைத் தவிர வேறு பயிரை அது நாடுவதில்லை.

1980ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூண்டாரா என்ற ஏரியில் இவ்வண்டு விடப்பட்டது. ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் ஏறக்குறைய 200 ஹெக்டயர் களை அழிந்தது. பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றுப் பகுதியில் களை ஏறக்குறைய 250 சதுரக் கிலோமீற்றர் வரை பரவி, தோணியையே நம்பி வாழ்ந்த மக்களைத் தவிக்கச் செய்திருந்தது. அங்கே வண்டு முதலில் பெருகவில்லை. களையில் நைதரசன் குறைவாக இருந்ததே காரணம். ஒரு பகுதிக் களைக்கு யூரியா இட்டபின் வண்டு பெருகிப் பரவியது. 1980களின் நடுப்பகுதிக்குள் களையின் பெரும்பகுதி ஒழிந்தது.

இலங்கைக்கு இவ்வண்டு 1986ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய உதவியுடன் கொண்டுவரப்பட்டது. பல நீர்நிலைகளில் சில வருடங்களுக்குள் நல்ல பலன் கிட்டியது. டோல்மன் என்ற பொருளியலாளர் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இம்முயற்சிக்குச் செலவான ஒவ்வொரு ரூபாவுக்கும் 53 ரூபா நன்மை கிடைக்கும். சல்வீனியா இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆனால் வண்டு நிலைத்த இடங்களில் முன்போல் தலைதூக்குவதில்லை.

ஆற்றுவாழைக்கும் கூன்வண்டுகள் உண்டு. ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1990களின் நடுப்பகுதி முதல் அவை விடப்பட்டு, அந்தப் பத்தாண்டின் இறுதியில் களை பெருமளவு குறைந்தது. எனினும் விதைகளும், ஏரிக்கு வந்து சேரும் கழிவுகளும் இருந்தமையால் பின்னர் மீண்டும் தோன்றியது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியவை மூன்று. முதலாவது, களையின் சரியான பெயரை அறியாமல் செய்த முயற்சி விஞ்ஞானிகளுக்கே பலிக்கவில்லை. இரண்டாவது, எதிரிப் பூச்சியைக் கொண்டுவருவது பல வருடச் சோதனைக்குப் பின் நிபுணர் செய்யவேண்டிய வேலை. நாமாக ஏதேனும் பூச்சியையோ மீனையோ வாங்கிக் குளத்தில் விடலாகாது. மூன்றாவது, எமது குளத்துச் சல்வீனியாவில் பழுப்பேறிய பகுதியும் நுண்ணிய கறுப்பு வண்டும் தென்பட்டால் அந்தப் பகுதியில் கைவைக்காமல் விட்டு, விவசாயத் திணைக்கள அலுவலருக்குக் காட்டவேண்டும். எல்லாவற்றையும் வாரிவிட்டால் எமக்காக வேலை செய்யும் வண்டையும் சேர்த்து வாரியதாகிவிடும்.

6. எமது கிராமத்தில் செய்யத்தக்க ஒழுங்கு

(அ) மேற்குளத்திலிருந்து தொடங்குக. எமது சிறுகுளங்கள் ஒன்றின் வான் நீர் மற்றதில் சேருமாறு தொடராக அமைந்தவை. மேலே களை இருக்கக் கீழ்க்குளத்தைத் துப்புரவு செய்தால் முதல் மழையோடு களை வந்திறங்கும். எனவே இது ஒரு கிராமத்தின் வேலையாக முடியாது. தொடரிலுள்ள கமக்கார அமைப்புகள் கமநல சேவை நிலையத்தில் ஒன்றுகூடித் திட்டமிடவேண்டும்.

(ஆ) காலமறிந்து செய்க. சிறுபோக அறுவடைக்குப் பின், நீர் குறைந்திருக்கும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் களை ஒரு சிறிய பரப்பில் ஒதுங்கியிருக்கும். அப்போது செய்யும் ஒருநாள் வேலை, மாரியில் செய்யும் பலநாள் வேலைக்குச் சமம்.

(இ) காற்றைப் பயன்படுத்துக. மிதக்கும் களையைக் காற்று ஒரு பக்கம் ஒதுக்கும். அந்தக் கரையில் நின்று வேலை தொடங்கவேண்டும். கயிற்றில் மூங்கிலையோ வெற்று பிளாஸ்டிக் கான்களையோ கோத்துக் குறுக்கே கட்டினால் ஒதுங்கிய களை திரும்பிப் பரவாது.

(ஈ) வெட்டித் துண்டாக்க வேண்டாம். சல்வீனியாவின் ஒவ்வொரு துண்டும் புதுச்செடி. முழுதாக வாரி எடுக்கவேண்டும். பின்னால் சிறு கண் வலையுடன் இருவர் சென்று மிதக்கும் துண்டுகளைச் சேர்க்கவேண்டும்.

(உ) துருசாலோ வானாலோ கீழே தள்ளிவிட வேண்டாம். அது எமது தொல்லையை அயல் கிராமத்துக்கு அனுப்புவதாகும். களப்பில் உவர்நீர் ஏறும்போது ஆற்றுவாழை மடியும் என்பது உண்மை. ஆயினும் அவ்வாறு மடிந்த திரள் களப்பின் அடியில் அழுகி, அங்குள்ள மீனவரைப் பாதிக்கும்.

(ஊ) குளம் நிறையும் மட்டத்துக்கு மேலே கொண்டு செல்க. கரையோரத்தில் குவித்த களை காய்வதற்கு முன் மழை பெய்தால் மீண்டும் மிதந்துவிடும்.

(எ) கோடை முடிவில் சேற்று நிலத்தைப் பார்வையிடுக. ஆற்றுவாழை நாற்றுகள் சிறிதாக இருக்கும்போதே கையால் பிடுங்கலாம். பூக்கும் முன் அகற்றினால் புதிய விதை சேராது.

(ஏ) களைநாசினியைத் தவிர்க்குக. குடிக்கவும் குளிக்கவும் மீன்பிடிக்கவும் பயன்படும் நீரில் அது கலக்கும். அத்துடன் களை முழுவதும் ஒரே நேரத்தில் மடிந்து அழுகினால் ஒட்சிசன் குறைந்து மீன்கள் மொத்தமாகச் சாகும்.

(ஐ) எல்லாத் தாவரத்தையும் அழிக்க வேண்டாம். தாமரை, அல்லி, கரையோரக் கோரை ஆகியவை எமது குளத்துக்கு உரியவை. மீன் குஞ்சுகளுக்கும் பறவைகளுக்கும் அவை புகலிடம். வேலை தொடங்குமுன் எதை எடுப்பது, எதை விடுவது என்று எல்லோருக்கும் காட்டிவிடவேண்டும்.

7. அகற்றிய களையை என்ன செய்வது?

ஆற்றுவாழையின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீரே. பச்சையாக ஏற்றிச் சென்றால் தண்ணீரைத்தான் ஏற்றிச் செல்கின்றோம். சில நாட்கள் மேட்டில் பரப்பிக் காயவிட்டால் பாரம் பெரிதும் குறையும். பின்னர் வைக்கோல், மாட்டெரு, சீமைக்கிளுவை இலை என்பவற்றோடு அடுக்கடுக்காகக் குவித்து, ஈரம் காத்து, இடைக்கிடை புரட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் நல்ல கூட்டெரு கிடைக்கும். காய்ந்ததைத் தென்னைக்கும் வாழைக்கும் மூடாக்காகவும் இடலாம். பூத்து விதை வைத்த செடிகளை வயலுக்கு அருகே கொண்டு செல்லாதிருப்பது நல்லது. நகரக் கழிவோ ஆலைக் கழிவோ சேரும் நீரில் வளர்ந்த களையைக் கால்நடைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் பயன்படுத்தலாகாது. நீரிலுள்ள பார உலோகங்களை அது தன்னுள் சேர்த்து வைக்கும்.

காய்ந்த ஆற்றுவாழைத் தண்டில் கூடை, பாய் பின்னும் தொழிலும் பல நாடுகளில் உண்டு. இதனால் பெண்களுக்கு ஒரு சிறு வருமானம் வரலாம். ஆனால் அந்த வருமானத்துக்காகக் குளத்தில் களையை விட்டுவைக்கும் நிலை வரக்கூடாது. தொழிலை நாடுவோர் இதனை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளவேண்டும்.

8. மீண்டும் வராமல் தடுத்தல்

இப்பாடத்தில் கூறிய ஒவ்வோர் இனமும் எமது நாட்டுக்கு வந்த வழியைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஆற்றுவாழை பூவின் அழகுக்காக வந்தது. சல்வீனியா படிப்புக்காக வந்தது. டாங்க் கிளீனர் கண்ணாடித் தொட்டிக்காக வந்தது. கடலைத் தாண்டி இவற்றைக் கொண்டுவந்தது காற்றோ பறவையோ அன்று, மனிதரின் கையே. கிராமத்துக்குள் பரவுவதும் பெரும்பாலும் அவ்வாறே. ஒரு குளத்தில் பாவித்த வலையைக் கழுவிக் காயவிடாமல் மற்றக் குளத்தில் போடுகின்றோம். களை ஒட்டிய உழவு இயந்திரத்தை அடுத்த வயலில் இறக்குகின்றோம். வளர்க்க முடியாமற்போன மீனைக் கொல்ல மனமின்றிக் குளத்தில் விடுகின்றோம். இரக்கத்தால் செய்யும் அச்செயல் ஆயிரம் மீன்களுக்கு எமனாகலாம். தேவையற்ற மீனை விற்ற கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். அல்லது தொட்டி வைத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுக்கலாம்.

களைக்கு உணவு கொடுப்பவர்களும் நாமே. அளவுக்கு மிஞ்சி வயலில் இடும் உரமும், சவர்க்கார நீரும், மலசலக் கழிவும் குளத்தில் சேரும்போது களை கொழுத்து வளர்கின்றது. குளத்துக்கு நீர் வரும் மேற்புறத்தில் முன்னோர் விட்டுவைத்த புற்றரையும் மரச்சோலையும் மண்ணையும் உரத்தையும் வடித்து நிறுத்தின. இன்று பல இடங்களில் அந்நிலம் அடைக்கப்பட்டுப் பயிர் செய்யப்படுகின்றது. அதனை மீட்டுப் புல் வளரவிடுவது, பல சிரமதானங்களின் வேலையைக் குறைக்கும்.

சட்டமும் எமக்குத் துணையாக உள்ளது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் கேடு விளைவிக்கும் தாவரங்களும் பூச்சிகளும் நாட்டுக்குள் வருவதையும் பரவுவதையும் தடுப்பதற்கானது. ஆயினும் 1909ஆம் ஆண்டில் சட்டம் வந்தும் ஆற்றுவாழை பரவியதை நாம் கண்டோம். குளத்தை நாள்தோறும் பார்ப்பவர்கள் அதன் கரையில் வாழ்பவர்களே. ஒரு செடி தோன்றிய அன்றே பிடுங்குவதற்கு ஒருவர் போதும். ஒரு பருவம் தாமதித்தால் ஊரே திரளவேண்டும். ஆகவே மாதம் ஒருமுறை குளத்தைச் சுற்றி நடந்து பார்க்கும் பொறுப்பை இருவருக்கு ஒப்படைப்பது, அடுத்த கமக்கார அமைப்புக் கூட்டத்தில் எடுக்கக்கூடிய நல்ல தீர்மானமாகும்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. எமது குளத்தில் மிதக்கும் களைகள் எவை? ஒவ்வொன்றிலும் ஒரு செடியைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து பெயரை அறிந்துகொள்க.

2. அவை எத்தனை வருடங்களுக்கு முன் தோன்றின? முதியோரிடம் விசாரித்து, வந்த வழியைக் கண்டறிக.

3. கடைசியாகச் செய்த சிரமதானத்துக்குப் பின் எத்தனை நாட்களில் களை திரும்பியது? நான்காம் பகுதியிலுள்ள கணக்கை எமது குளத்துக்குப் பொருத்திப் பார்க்க.

4. எமது குளத்துக்கு மேலேயுள்ள குளங்கள் எவை? அக்கிராமத்தவரோடு இதுபற்றிப் பேசியதுண்டா?

5. குளத்தில் உரமும் கழிவும் எந்த வழிகளில் சேர்கின்றன? அவற்றுள் இவ்வருடமே அடைக்கக்கூடியது எது?

6. மாதந்தோறும் குளத்தைப் பார்வையிடப் பொறுப்பேற்கும் இருவர் யார்?